சற்றுத் தள்ளி வைக்கவும்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அண்ணி நலம். நான் இருக்கிறேன். அங்கே நீயும், உன் மகளும், அவள் வீட்டுக்காரரும், பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. எனக்கும் போன மாதம் ஒரு பல் விழுந்தது. அவளுக்குத் திரும்ப முளைக்கும், எனக்கு முளைக்காது. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

போனில் பேசலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். பேசலாம்தான். இந்த ஐந்து மாதத்தில் பதினேழு தடவை கூப்பிட்டேன். பதினேழு தடவையும் உன் மகள்தான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளியல். உலகத்திலேயே இவ்வளவு சுத்தமான தங்கை எனக்கு ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறாள் என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. ஈரக்கையோடு எடுத்துவிடாதே, மை கரைந்துவிடும்.

உன் வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அண்ணி ரோட்டைக் கடந்து போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு வருகிறாள். உன் வீட்டுக்காரரின் பட்டறைப் பக்கம் மட்டும் போவதில்லை. பழுது பார்க்கக் கொடுத்த மோட்டார்களை ஆட்கள் வந்து கேட்டபோது நான்தான் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு சீட்டுக் கட்டி வைத்திருந்தார் மாப்பிள்ளை. யாருடையது, என்ன கோளாறு, எத்தனை சுற்றுக் கம்பி, எல்லாம் அதில் இருந்தது. ஒரு சீட்டில் 'மூணாம் மாடி அம்மா, ரொம்ப சத்தம் போடும்' என்று எழுதியிருந்தார். சத்தம் போடுவது அம்மாவா மோட்டாரா என்று கேட்க ஆள் இல்லாததால் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இனி, போனில் சொல்ல வாய்ப்பே கிடைக்காத செய்திக்கு வருகிறேன். நீ உன் மகளோடு கிளம்பிப் போனாயே, அதற்கு அடுத்த வாரமே நம் ரோட்டில் வேகத்தடை போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு வருடம் அலைந்து, நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, கேட்டுக் கேட்டும் வராத வேகத்தடை, அதே ரோட்டில் லாரி அவரை அடித்துப்போட்ட பிறகு மூன்றே வாரத்தில் வந்து இறங்கியது. எங்கே போடுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முன்பு அதிகாரிகள் வந்து மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள் அல்லவா, என் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே? அந்தக் கோடு அழியாமல் இருந்தது. அதன் மேலேயே கொட்டிவிட்டார்கள்.

அதன் உயரத்தை நீ பார்க்க வேண்டும். வேகத்தைத் தடுக்கப் போட்டதா, படையெடுப்பைத் தடுக்கப் போட்டதா என்று சந்தேகம் வரும். ஸ்கூட்டர்கள் வயிறு உரசிக்கொண்டுதான் இறங்குகின்றன. சுமை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். 'தட்', 'தடார்', 'டம்' என்று மூன்று சத்தம் வரும். மூன்றாவது சத்தத்தில் எங்கள் கட்டில் ஓர் அங்குலம் நகரும். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே நடந்து வந்து ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. என் தூக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். சின்ன வயதில் நீ பக்கத்து அறையில் பக்கம் புரட்டினால்கூட எழுந்து உட்கார்ந்து கத்துவேனே, அந்த ஆள்தான் இப்போது இந்த லாரிகளோடு குடித்தனம் நடத்துகிறான்.

தெருவில் எல்லாருக்கும் ஆளுக்கொரு குறை. போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் பல் டாக்டர் என்பதால் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில்தான் கூட்டம். அவர் வாயைத் திற என்றால் திறந்து, மூடு என்றால் மூடிப் பழகிய ஜனங்கள் என்பதால் ஒழுங்காக நடந்தது. முதலில் அவரே ஆரம்பித்தார். பல்லைக் குடையும்போது லாரி ஏறி இறங்கினால் கை துள்ளுகிறதாம். "நேத்து ஒரு அம்மாவுக்கு நல்ல பல்லைத் தொட்டுட்டேன், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அடுத்து நம் கேக் கடைக்காரர். மூன்றடுக்குக் கேக்காகக் கடையை விட்டுப் போவது, வேகத்தடை தாண்டியதும் ஒன்றரை அடுக்காகப் போய்ச் சேர்கிறதாம். சிரிப்பாக இருந்தாலும் சில குறைகள் நியாயமானவை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், உள்ளே நோயாளி இருக்கும்போது அந்த மேட்டில் உயிர் போய் உயிர் வருகிறது என்றாராம். மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் ஒரு பக்கம் குளம் கட்டுகிறது. ஸ்கூட்டர்காரர்கள் மேட்டில் ஏறாமல் நடைபாதையில் ஏறி ஓரமாக வருகிறார்கள். நடக்கிறவன் எங்கே போவான்?

எதிர்ப்பக்கம் பேசியது டீச்சரம்மா ஒருத்திதான், ரோட்டு முனையில் மழலையர் பள்ளி நடத்துகிறாளே, அவள்தான். "அஞ்சு மாசமா எங்க பிள்ளைங்க ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு இல்ல. உங்களுக்குக் கேக் பெருசாப் போச்சா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். கேக் கடைக்காரர் பாவம், "டீச்சரம்மா, அந்தப் பிள்ளைங்களுக்குத்தானே நான் கேக் விக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், "இங்க ஒரு மனுஷன் போயிருக்காரு" என்றாள். அதோடு சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகத் திரும்பிச் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இவர்கள் எல்லாருடைய மோட்டாரையும் பிரித்து மாட்டியவர். ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது, வேகத்தடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள்.

மனுவை எழுதும் பொறுப்பு யாருக்கு வந்திருக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவன் ஆயிற்றே. மருந்துச் சீட்டில் 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' என்று மாறிப்போயிருந்ததைக் கடைசி நேரத்தில் பிடித்ததற்காக முதலாளி கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் எங்கள் கூடத்தில் ஐந்து நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. "சார், உங்க எழுத்துக்கு ஆபீசே அசையும்" என்றார் பல் டாக்டர். வழக்கம்போல நானும் ஏதோ ஒரு ஜோக் அடித்து, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததிலிருந்து வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு' என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை. அந்தத் தாளைத் திருப்பிப் போட்டுத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். பின்பக்கத்தில் அந்த ஒரு வரி தெரிகிறதா பார். பழைய கோப்பின் எண் வேண்டும் என்பதால் நாளை மறுநாள் அரை நாள் லீவு போட்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன்.

நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடு. மகள் வீட்டில் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே. ஒரு வரி எழுது. எழுத ஒன்றும் இல்லை என்றால் வெறும் தாளையாவது கவரில் போட்டு அனுப்பு. அதிலும் ஏதாவது பிழை கண்டுபிடித்துத் திருத்தி வைப்பேன்.

உன் பதிலை எதிர்பார்த்து, அதிகம் குளிக்காத
உன் அண்ணன்


வியாழக்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

முந்தைய கடிதம் கிடைத்ததோ இல்லையோ, அதற்குள் இன்னொன்று. இந்தக் கடிதத்தை உன் மகளிடம் காட்ட வேண்டாம். நீ தனியாக உட்கார்ந்து படி.

சொன்னபடி அந்த அலுவலகத்துக்குப் போனேன். என் முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டாள். கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். "நம்பரைக் குறிச்சிட்டுக் குடுத்துடுங்க சார், பக்கத்தைப் பிரிக்காதீங்க" என்றாள். நான் பிரித்தேன். அச்சடித்த எதையும் எழுதிய எதையும் படிக்காமல் விட முடியாத வியாதி எனக்கு.

முதலில் மாப்பிள்ளை கொடுத்த மனு இருந்தது. நாற்பத்திரண்டு கையெழுத்துகளில் உன்னுடையது முதலில், என்னுடையது இரண்டாவது. அடுத்த பக்கத்தில், வேகத்தடை அனுமதிக்கப்பட்டது, வரும் திங்கட்கிழமை வேலை ஆரம்பம் என்று அதிகாரியின் குறிப்பு. அதற்கடுத்த பக்கம் இன்னொரு மனு. ஒரே பக்கம், ஒரே கையெழுத்து. அது நான் எழுதியது.

இந்த மனுவைப் பற்றி உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மஞ்சள் கோடு என் கேட்டுக்கு எதிரே விழுந்த அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. லாரிகள் இங்கே ஏறி இறங்கினால் என் தூக்கம் என்ன ஆவது? உங்களிடம் சொன்னால் கேலி செய்வீர்கள் என்று தனியாக எழுதினேன். வேகத்தடை வேண்டாம் என்று எழுதவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை. நான் எழுதிய வரி இதுதான்: 'எங்கள் வீட்டு வாயிலுக்கு எதிரே அமையவிருக்கும் வேகத்தடையைச் சற்றுத் தள்ளி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

நான் நினைத்தது, நாலடி அந்தப் பக்கம். அங்கே உட்கார்ந்திருந்தவர் படித்தது, நாலு மாதம் கழித்து. ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: 'குடியிருப்பவரே கோரியபடி பணி ஒத்திவைக்கப்படுகிறது. மறு உத்தரவு வரும் வரை.' கீழே தேதி. அந்தத் தேதிக்கும் மாப்பிள்ளை போன தேதிக்கும் நடுவில் அறுபத்தேழு நாள். நான் விரல் விட்டு எண்ணியதைப் பார்த்து அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அவளிடம் கேட்டேன். தள்ளி வைக்கவும் என்று எழுதியிருந்தால் நீங்கள் என்ன என்று படிப்பீர்கள் என்றேன். "இப்ப வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்னுதான் சார். வேற என்ன?" என்றாள். இடத்தைத் தள்ளி என்று இருக்கக் கூடாதா என்றேன். "அப்படின்னா எத்தனை அடின்னு போட்டிருப்பாங்களே" என்றாள்.

இதைத்தான் மாப்பிள்ளையும் சொன்னார். அந்த மனுவை எழுதி மேசை மேல் வைத்திருந்த அன்றைக்கு, எங்கள் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்க வந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்தவர் தாளைத் தொடாமல், குனிந்து நின்றே படித்தார். அவர் அலைந்து வாங்கியதை அவருக்குத் தெரியாமல் நகர்த்தப் பார்க்கிறேன். கோபப்பட்டிருக்க வேண்டாமா? சிரித்தார். "தூக்கமும் முக்கியம்தான் மச்சான். ஆனா இதுல எத்தனை அடின்னு போடுங்க. எந்தப் பக்கம்னும் போடுங்க. இல்லேன்னா வேற மாதிரி புரிஞ்சுக்கப் போறாங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாப்பிள்ள, அளவெல்லாம் பம்புக்கு. எழுத்துக்கு நடைதான் அழகு. இந்த வேலையில முப்பத்தொரு வருஷம் போட்டிருக்கேன்" என்றேன். 'அடிக்கணக்கில் எழுதினால் அது மனு இல்லை, தையல்காரர் சீட்டு' என்று வேறு சொன்னேன். அதற்கும் சிரித்தார். எனக்கு அப்போது அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. அண்ணியைக் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லிக் காட்டினேன்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்காதபோது அதிகாரிகளின் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். மாப்பிள்ளை போன அன்றைக்கும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எதிர்ச்சாரி அடுக்குமாடியில் தண்ணீர் இல்லை என்று அவரை காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார்களாம். உன் வாசலிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு நேராக ரோட்டைக் கடந்திருக்கிறார். மஞ்சள் கோட்டின் மேல்தான் விழுந்து கிடந்தார். நான் எழுந்தது லாரிச் சத்தத்தில் இல்லை. உன் குரலில்.

இத்தனை நாள் தெரியாது, செவ்வாய்க்கிழமைதான் தெரியும் என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். மாப்பிள்ளை போன அடுத்த வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம், அச்சகத்தில் யாரோ ஒருவருடைய திருமணத் தேதி மாற்றத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 'நிகழ்ச்சி தள்ளி வைக்கப்பட்டுள்ளது' என்று வரி. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றே அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அதற்குப் பதிலாக உன் வீட்டில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு கதை சொன்னேன். எல்லாரும், இந்த மனுஷன் இல்லாவிட்டால் அந்த வீடு எப்படித் தாங்கியிருக்கும் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நீ ஒரே ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

சங்கத்தில் இது யாருக்கும் தெரியாது. அண்ணிக்கும் நேற்றுத்தான் சொன்னேன். அவள் எழுந்து போய் அலமாரி ஓரத்துக்கு வந்திருந்த டம்ளர்களை உள்ளே தள்ளி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து சொல்லப்போகிறேன். ஆனால் உனக்குத் தெரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று இதை இன்றே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. எந்தப் பக்கமும் நழுவ முடியாது. அதனால் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


சனிக்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கவர் புதன்கிழமை வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதலில் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே கிளினிக், அதே நாற்காலிகள். மனு எங்கே என்று பல் டாக்டர் கை நீட்டினார். எழுதவில்லை என்று எழுந்து நின்றேன். நான் எழுந்தாலே சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அப்படி வைத்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக் கூட இல்லாமல் நான் தொடர்ந்து பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாக இருக்கும். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். கேக் கடைக்காரர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு டீச்சரம்மா, "உங்களைத் திட்டணும்னுதான் சார் இருக்கு. அப்புறமா திட்டறேன். இப்ப இந்த மேட்டை எப்படி நல்லாப் போடறதுன்னு பேசுவோம்" என்றாள்.

அதைத்தான் பேசினோம். எடுக்கச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. உயரத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் சரிவைக் கூட்ட வேண்டும். வெள்ளைப் பட்டை, முன்னாலேயே ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு விளக்கு. மழைத் தண்ணீர் போக ஒரு வழி. ஓரத்தில் நடைபாதையில் வண்டி ஏறாதபடி இரும்புக் கம்பம். இதையெல்லாம் புது மனுவாக எழுத வேண்டும். வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பல் டாக்டர், "நீங்கதான் எழுதணும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் முயன்றும் எனக்கு வரவில்லை. எந்தச் சொல்லை எழுதினாலும் அது இன்னொரு பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உன் கவர் வந்தது.

கவருக்குள் நீ எழுதிய கடிதம் இருக்கும் என்று பிரித்தால், எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள். மாப்பிள்ளையின் கையெழுத்து. அவர் போவதற்கு நாலு நாள் முந்தைய தேதி. அனுப்பாமல் போன மனு. அதன் பின்பக்கத்தில் நீ எழுதியிருந்த நாலு வரியைத்தான் இந்த மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'ரெண்டு மாசம் வரும் வரும்னு சொன்னவங்க கடைசியில உன் மனுவைக் காட்டியிருக்காங்க. அன்னிக்கே வந்து சொன்னார். மச்சான்கிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார், நான் வேற எழுதிக் குடுத்துடறேன்னார். அவர் சொல்லாதேன்னார், அதனால நான் சொல்லல. நீயா சொல்லணும்னுதான் இருந்தேன்.'

நீ அன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்தது இப்போது புரிகிறது.

தாளின் முன்பக்கத்துக்கு வருகிறேன். மொத்தம் ஒன்பது வரி. ஏழு எழுத்துப் பிழை. 'வேகத்தடை' எல்லா இடத்திலும் 'வேகதடை' என்றுதான் இருக்கிறது. கையில் சிவப்புப் பேனா இருந்தும் நான் ஒன்றையும் தொடவில்லை. ஆறாவது வரி இது: 'மச்சான் வீட்டு கேட்டில் இருந்து மேற்கே பதினோரு அடி. ரோட்டு ஓரத்தில் வாசர் போட்டு ஆணி அடித்து வைத்துள்ளேன். அதுதான் அடையாளம். இங்கு போட்டால் மச்சானுக்கு சத்தம் வராது.'

படித்ததும் அண்ணியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஸ்கூட்டர்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று கேக் கடைக்காரர் கேட்டார். நான் ரோட்டோரம் குனிந்தேன். மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தால், ஒரு இரும்பு வாஷரும் நடுவில் ஆணியும் இருந்தன. துருப்பிடித்திருந்தது. அளந்தேன். பதினோரு அடிக்கு நூல் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் வந்து அடித்திருக்க வேண்டும். என் தூக்கம் கெடக் கூடாது என்று மெதுவாக அடித்திருப்பார்.

புது மனுவை முடித்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி எழுதினேன். உயரம் எத்தனை அங்குலம், சரிவு எத்தனை அடி, விளக்கு எந்தக் கம்பத்தில், பலகை எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம். அழகான வரி என்று ஒன்றுகூட இல்லை. பல் டாக்டர் படித்துவிட்டு, "என்ன சார், தையல்காரர் சீட்டு மாதிரி இருக்கு" என்றார். அவர் அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாரோ. ஆமாம் என்றேன்.

ஆணி இருக்கும் இடத்துக்கு மேட்டை மாற்றலாமே, அவர் ஆசைப்பட்டதாயிற்றே என்று டீச்சரம்மா கேட்டாள். எல்லாருக்கும் சம்மதம்தான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 'இப்போது உள்ள இடத்திலேயே, கேட்டுக்கு நேராக' என்று எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை எனக்காக அளந்து வைத்த பதினோரு அடியை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. ஆணியை அப்படியே விட்டிருக்கிறேன். லாரிச் சத்தம் பழகிவிட்டது. மேட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் வேகம் குறைகிறதே, அந்தச் சத்தம் தனியாகக் கேட்கிறது. படுத்துக்கொண்டே அதைக் கேட்கிறேன். குறைந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

மனுவில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். நாற்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள். முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பழைய மனுவில் அந்த இடம் உன்னுடையது. தபாலில் தாளை அனுப்பட்டுமா என்று அண்ணி கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் வீட்டில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறாள். மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம், தண்ணீர் ஏறுகிறது. மூணாம் மாடி அம்மாவின் மோட்டார் மாதிரி சத்தமும் இல்லை.

நீ வரும்போது வண்டி ஓட்டுகிறவரிடம் சொல்லிவிடு, நம் தெரு முனை திரும்பியதும் மேடு இருக்கிறது, மெதுவாக வரட்டும். இறங்கினால் இந்தப் பக்கம் இறங்கு. நான் வாசலில் நிற்பேன். ரோட்டைக் கடக்க உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். எங்கள் வீட்டில் சாப்பிடவும் வேண்டாம். நான் உன்னைச் சிரிக்க வைக்க முயல மாட்டேன்.

மனுவை அடுத்த மாதம் முதல் தேதி கொடுக்க வேண்டும், அம்மா. என்னை எவ்வளவு நாளைக்கு வேண்டுமானாலும் தள்ளி வை. வருவதைத் தள்ளி வைக்காதே.

உன் அண்ணன்